டஸ்ட் மைட் ஒவ்வாமை ஆஸ்துமா: இருமல் நின்றதும் பம்ப்பை நிறுத்தலாமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 9 வயதுப் பெண் குழந்தை. விடியற்காலை 3 மணி வாக்கில் இருமல், இழுப்பு. தோலில் லேசாகக் குத்தி ஒவ்வாமை பார்க்கும் பரிசோதனையில் டஸ்ட் மைட்டுக்கு (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) 7 மி.மீ. தடிப்பு. கரப்பான், பூனை, பூஞ்சை எதற்கும் இல்லை. பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு, மூச்சில் இழுக்கும் 100 மைக்ரோகிராம் பம்ப், காலை ஒன்று, இரவு ஒன்று. இழுப்பு வந்தால் மட்டும் சால்புட்டமால். மூன்று வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. "ஸ்டீராய்டு பழகிவிடும், நிறுத்து" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். நிறுத்தலாமா? மெத்தை உறை, ஏர் ப்யூரிஃபையர், ஏசி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?

நெஞ்சகப்பிரிவு_செவிலி:
இப்போது நிறுத்தாதீர்கள். இருமல் நின்றது மருந்து வேலை செய்வதால்தான். இழுப்பின்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்புட்டமால் அதைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். ஆனால் குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை வற்ற வைப்பது பியூடெசோனைடுதான், அதுவும் மெதுவாக. பாதியில் விட்டால் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு சளி பிடித்தாலோ ஐப்பசி மழை தொடங்கினாலோ இழுப்பு திரும்பிவிடும். நிறுத்தியதற்கும் திரும்பியதற்கும் இடையே இத்தனை நாள் இருப்பதால் யாரும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

குறைந்தது 3 மாதம் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த பிறகே மருத்துவர் அளவைக் குறைப்பார், அதையும் படிப்படியாக. கட்டுப்பாடு என்றால் கடந்த 4 வாரத்தில் வாரம் இரண்டு முறைக்கு மேல் பகல் தொந்தரவு இல்லை, இருமலால் ஓர் இரவுகூட விழிக்கவில்லை, வாரம் இரண்டு முறைக்கு மேல் சால்புட்டமால் தேவைப்படவில்லை, ஓடி விளையாடத் தடையில்லை. நான்கும் வேண்டும். தேதி போட்டு எழுதி வைத்து, அந்த நோட்டையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களின் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம், அளவைச் சொல்லுங்கள். குழந்தைக்கு நாளொன்றுக்குச் சேர்வது 200 மைக்ரோகிராம். ஒரு 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை என்பது 5000 மைக்ரோகிராம், அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போவது. பம்ப் மருந்தால் பழக்கமும் ஏற்படாது. உயரம் சற்றுக் குறையலாம் என்பது உண்மைதான். தினம் 400 மைக்ரோகிராம் சில ஆண்டுகள் எடுத்த குழந்தைகளை வளரும்வரை கவனித்ததில் சராசரியாக 1 செ.மீ. அளவுக்கே வித்தியாசம் இருந்தது. ஆறு மாதத்துக்கொரு முறை உயரம் அளந்து குறித்து வையுங்கள், போதும்.

தூசி_கணக்கு:
செலவைப் பற்றி. டஸ்ட் மைட் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால்தான் சாகும். கடலோரச் சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்து அது நடக்காது. அதனால் வீடு முழுவதையும் விட்டுவிட்டு, குழந்தையின் முகம் எட்டு மணி நேரம் அழுந்திக் கிடக்கும் இடத்தில் காசைப் போடுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் மைட் தடுப்பு உறை. மேலே விரிக்கும் சாதாரண உறை இதற்கு ஈடாகாது.

விரிப்பு, தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீர் ஒவ்வாமை தரும் மைட் கழிவைக் கழுவும், மைட்டைக் கொல்லாது. மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் வாளியில் மூன்று பங்கு கொதிநீர், இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர். துணி போட்டதும் சூடு 60 பக்கம் இறங்கும். மூடி வைத்து கால் மணி நேரம் கழித்து வழக்கம்போல் துவைக்கலாம். குழந்தையை வாளிப் பக்கம் விடாதீர்கள். பஞ்சு பொம்மையை பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்து, பிறகு அலசுங்கள். குளிர் கொல்லும், கழிவை அலசல்தான் நீக்கும்.

ப்யூரிஃபையர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மைட் கழிவுத் துகள் கனமானது. மெத்தையை உதறினால் எழும்பி, சில நிமிடத்தில் கீழே படிந்துவிடும், இயந்திரம் வரை போகாது. ஏசி ஓடும் நேரம் ஈரம் குறையும், நல்லதுதான். ஃபில்டரை இரு வாரத்துக்கொரு முறை கழுவ வேண்டும். பெருக்கும்போதும் உதறும்போதும் குழந்தை அந்த அறையில் வேண்டாம். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையை அடியோடு நிறுத்துங்கள். அது ஒவ்வாமை இல்லை, எரிச்சல். ஆனால் வீங்கிய குழாய்க்கு அதுவே போதும்.

மருந்தாளுநர்_திருச்சி:
ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) இருக்கிறதா? வாயில் நேராக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில்தான் ஒட்டும். பம்ப்பைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, குழந்தை மூச்சை வெளிவிட்டதும் வாய்முனையை உதட்டால் இறுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு அழுத்து. மெதுவாக, ஆழமாக இழுத்து 10 வினாடி அடக்க வேண்டும். அடக்க முடியாவிட்டால் இயல்பாக 5, 6 மூச்சு. இரண்டாவது அழுத்து தேவைப்பட்டால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. இரண்டையும் சேர்த்து அடித்தால் துகள்கள் மோதிக்கொண்டு சுவரில் படியும். ஸ்பேசரை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

பியூடெசோனைடு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். பவுடர் கேப்ஸ்யூல் கருவிக்கு மாற்றினால் முறையே தலைகீழ்: வேகமாக, பலமாக இழுக்கணும், அதற்குள் ஊதக் கூடாது.

வேளச்சேரிவாசி:
ஸ்பேசர் இருக்கிறது, துணியால்தான் துடைத்துக்கொண்டிருந்தோம். நள்ளிரவில் பலமாக இழுத்தால் எப்போது கிளம்ப வேண்டும்?

நெஞ்சகப்பிரிவு_செவிலி:
மருத்துவரிடம் எழுதி வாங்கிய திட்டம் இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால்: நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்புட்டமால் 4 அழுத்து, ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி 4 கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், வழியிலும் தொடரலாம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுக்கிறது, உதடு நீலம், துவண்டு தூங்குகிறாள், ஆக்ஸிமீட்டரில் 92க்குக் கீழே: இதில் ஒன்று இருந்தாலும் 20 நிமிடம் காத்திருக்காமல் 108. இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, மூச்சு மட்டும் திணறினால் அது குணமல்ல; காற்றே போகவில்லை என்று பொருள். அதற்கும் 108.