உதவி: டிஸ்க், பேட் ரெண்டும் புதுசு, பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறுது

முத்துநகர்69:
முன்னாடி ரெண்டு பக்கமும் டிஸ்க், பேட் வீட்டுலயே மாத்தியாச்சு. எல்லாம் புதுசு. இப்போ பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் உதறுது. நாளைக்கு மதுரை போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

நாலாம்கியர்:
எந்த வண்டி, எந்த வருஷம்? எந்த ஸ்பீடுல? பிரேக் மிதிக்காதப்பவும் உதறுதா? மாத்தின அன்னைக்கேவா, நாள் கழிச்சா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

பழையஸ்பேனர்:
பிரேக் வேலையை வீடியோ பாத்து செய்யாதீங்கன்னு இங்க எத்தனை தடவை எழுதறது தம்பி? லோக்கல் டிஸ்க்கா இருக்கும், சூட்டுல கோணியிருக்கும். தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினல் மாட்டுங்க. இதுக்கு ஒரு இழை வேற.

காத்துக்கடை:
வீல் பேலன்ஸ் பாருங்க ப்ரோ. 80க்கு மேல உதறுனா தொண்ணூறு சதவீதம் அதுதான்.

நாலாம்கியர்:
பேலன்ஸ்னா பிரேக்ல கால் வைக்காமலே உதறும். அவர் இன்னும் எதுவும் சொல்லலை, பொறுங்க.

முத்துநகர்69:
ஸ்விஃப்ட் டீசல் 2013. 80ல மிதிச்சா உதறுது, மிதிக்கலைன்னா ஒன்னுமில்ல. பெடலும் லேசா துடிக்குது. மாத்தி ரெண்டு மாசம் இருக்கும். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு.

கோவைலேத்து:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். முதல்ல நல்லா இருந்து அப்புறம் உதறுதுன்னா டிஸ்க் கோணலைன்னுதான் அர்த்தம். டிஸ்க்கோட தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கு.

டிஸ்க் ஹப்ல, அதாவது டிஸ்க்கும் வீலும் மாட்டுற நடுத் தட்டுல, நேரா உக்காரலைன்னா சுத்தும்போது கொஞ்சம் ஆடும், அதான் அவுட். பேட்களைப் பிடிச்சிருக்கிற காலிப்பர் மிதக்கிற டைப், பக்கவாட்டுல நகரும், மிதிக்கும்போது அந்த ஆட்டத்தோடவே போயிடும், அதனால ஆரம்பத்துல உதறல் தெரியாது. ஆனா பிரேக் மிதிக்காம ஓடும்போது, ஒவ்வொரு சுத்துக்கும் மேடான இடம் ஒரு பேட்ல உரசும், நேர் எதிர்ப்பக்கம் அடுத்த பேட்ல உரசும். ஓட ஓட அந்த ரெண்டு இடமும் மெலிஞ்சிடும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே போதும், மிதிக்கும்போது பேடைத் தள்ளுற பிஸ்டன் உள்ளே வெளியே போகும், பெடல் துடிக்கும், ஸ்டியரிங் ஆடும். 80ல உங்க வீல் நொடிக்கு 11 சுத்து சுத்துது. ஸ்டியரிங் நல்லா வாங்கி ஆடுற வேகம் அதுதான்.

ஹப் முகத்துல துரு எடுத்தீங்களா? தூத்துக்குடின்னா உப்புக்காத்து, கண்டிப்பா இருக்கும். ஹப் விட்டம் 130 மி.மீ.ன்னு வெச்சுக்குங்க. ஒரு ஓரத்துல 0.05 துரு நின்னா, பேட் பிடிக்கிற 240 மி.மீ. வட்டத்துல கிட்டத்தட்ட 0.1 அவுட் வந்துடும்.

பழையஸ்பேனர்:
பேப்பர்ல கணக்கு நல்லாத்தான் இருக்கு. டிஸ்க் சூட்டுல கோணாதுன்னு சொல்ல வர்றீங்களா?

கோவைலேத்து:
மலை இறக்கத்துல மிதிச்சே வந்து நீலம் பூத்த டிஸ்க்னா பேசலாம். மதுரை ரோட்டுல ஓடுற ஸ்விஃப்ட்டுக்கு அந்தச் சூடு எங்க வரப்போகுது? இன்னொரு காரணம் உண்டு. நல்லா சூடான டிஸ்க்கோட வண்டியை நிறுத்தி பெடலை மிதிச்சபடியே நின்னா, பேட் மெட்டீரியல் ஒரு இடத்துல திட்டா ஒட்டிக்கும். அதுவும் இதே மாதிரி உதறும்.

ரப்பர்புஷ்:
லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன்ல இருக்கிற ரப்பர்) பாக்காம டிஸ்க்கைக் குறை சொல்றதே இங்க வழக்கமாப் போச்சு. 2013 வண்டி, புஷ் வெடிச்சிருக்கும்.

நாலாம்கியர்:
புஷ் போயிருந்தா உதறலைப் பெருசாக்கும், உண்டாக்காது. பெடல் வேற துடிக்குதுங்கறார். பாக்கறதுல தப்பில்ல, ஆனா ரெண்டாவதா பாக்கலாம்.

முத்துநகர்69:
துரு பாக்கலை. டிஸ்க் சும்மா உள்ள போச்சு, அப்படியே மாட்டியாச்சு. எப்படி செக் பண்றது?

கோவைலேத்து:
ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வைங்க. ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். வீலைக் கழட்டிட்டு காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டுங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க. காலிப்பரைத் தாங்குற கேரியரையும் கழட்டி டிஸ்க்கை எடுங்க. வரலைன்னா சுத்தியல் வேண்டாம், டிஸ்க்லயே ரெண்டு மரை ஓட்டை இருக்கும். 8 எம்.எம். போல்ட்டை ரெண்டுலயும் மாத்தி மாத்தி இறுக்குனா தானா வெளிய வரும்.

ஹப்ல நடுப்பகுதி பளபளன்னுதான் தெரியும். வீல் நட்டு மாட்டுற ஸ்டட் அடியைப் பாருங்க, ஒவ்வொன்னையும் சுத்தி வளையமா துரு தடிச்சு நிக்கும். கம்பி பிரஷ் அங்க போகாது. 120 எமரித் தாளைச் சின்னதா வெட்டி, ஸ்டட் நுழையற அளவு குழாய்த் துண்டு முனையில ஒட்டித் தேய்க்கணும். டிஸ்க்கோட உள்முகத்தையும் தேய்ங்க. கிரைண்டர் வைக்காதீங்க, ஹப்பையே தின்னுடும்.

அப்புறம் டிஸ்க்கை மாட்டி, வாஷர் வெச்சு நாலு நட்டையும் குறுக்கே குறுக்கே இறுக்கி, ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை டிஸ்க் ஓரத்துல இருந்து 10 மி.மீ. உள்ள வைங்க. ஒரு முழுச் சுத்துக்கு 0.05க்குள்ள வந்தா நல்லது, 0.1 தாண்டக் கூடாது. கூட வந்தா டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்க. நாலு ஸ்டட், நாலு நிலை. எதுல கம்மியோ அதுல விட்டுடுங்க.

தடிமனை மைக்ரோமீட்டர்ல வட்டம் முழுக்க எட்டு இடத்துல பாருங்க. வெர்னியர் இதுக்கு ஆகாது, ஓர விளிம்புல நின்னு பொய் சொல்லும். ஏற்கனவே மெலிஞ்ச டிஸ்க்னா ஹப்பைச் சுத்தம் பண்ணினா மட்டும் உதறல் போகாது. லேத்துல கடையணும், இல்ல மாத்தணும். கடைஞ்ச பிறகு டிஸ்க்ல பொறிச்சிருக்கிற குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழ போகக் கூடாது.

நாலாம்கியர்:
கடைசியா வீல் நட்டை ஏர் கன்ல அடிக்காதீங்க, ஏத்த இறக்கமா இறுகுனா அதுவே அவுட் கொடுக்கும். இந்த சைஸ் நட்டுக்கு 85ல இருந்து 100 என்.எம். (நியூட்டன் மீட்டர்) இறுக்கம் வரும், மேனுவல்ல சரியா பாருங்க. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிங்க. பிஸ்டன் உள்ள போயிருக்கும், முதல் மிதில பிரேக்கே இருக்காது.

ரப்பர்புஷ்:
பிஸ்டனைத் தள்ளும்போது காலிப்பர்ல ஆயிலை வெளிய விடுற பிளீடர் நிப்பிளைத் திறந்துட்டுத் தள்ளணும். அழுக்கு ஆயில் ஏபிஎஸ்ஸுக்குப் போச்சுன்னா செலவு தாங்காது.

பழையஸ்பேனர்:
நிப்பிளைத் திறந்தா ஏர் பிடிக்கும். வீட்டுல செய்யறவங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தராதீங்க. ஆயில் டப்பால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துட்டு மெதுவா தள்ளினாப் போதும்.

ரப்பர்புஷ்:
நிப்பிள்ல டியூப் மாட்டி முனையை ஆயில்ல முக்கி வெச்சா ஏர் எங்கிருந்து வரும்? பிஸ்டன் நிக்கறதுக்கு முன்னாடி மூடணும், அவ்வளவுதான்.

காத்துக்கடை:
அப்படியே டாட் 5 பிரேக் ஆயில் ஊத்திட்டா தண்ணியே இழுக்காதே?

கோவைலேத்து:
ஊத்திடாதீங்க. டாட் 5 சிலிக்கான், டாட் 3, 4 கிளைக்கால். ரெண்டும் கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகவும் ஆகாது. 5.1 வேற, அது கிளைக்கால்தான். ஆயில் டப்பா மூடியில என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. டாட் 4 புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா 155தான் உத்தரவாதம். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க.

பழையஸ்பேனர்:
கேட்டவர் மதுரைக்கே போய்ச் சேர்ந்திருப்பார். இங்க ஆயில் சண்டை நடக்குது.

முத்துநகர்69:
பஸ்லதான் போனேன். இன்னைக்கு ரெண்டு பக்கமும் கழட்டினேன். இடது ஹப்ல ஸ்டட் அடியில துரு, சொன்ன மாதிரியே. தேச்சு, டிஸ்க்கை லேத்துல ஒரு வெட்டு வாங்கி மாட்டியாச்சு. 100ல கூட உதறலை. நன்றி.

கோவைலேத்து:
நல்லது. கடைஞ்ச டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சீங்களா? பேட் மேல எமரி ஒரு இழுப்பு இழுத்துட்டு, ஸ்பீடை 60ல இருந்து 10க்கு நடுத்தரமா பிரேக் மிதிச்சு பத்து தடவை இறக்குங்க. நடுவுல முழுசா நிறுத்தாதீங்க. அப்புறம் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க.

நாலாம்கியர்:
கடைஞ்ச பிறகு தடிமன் எவ்வளவு நின்னுச்சு? அவுட் எவ்வளவு வந்துச்சு? அடுத்து தேடி வர்றவங்களுக்கு உதவும்.

ரப்பர்புஷ்:
புஷ்ஷையும் பாத்தீங்களா?