படம் பார்த்துக் கல்யாணம்: ஹவாய் கரும்புத் தோட்டத்து ஜப்பானியப் பெண்கள்

கேள்வி: மாப்பிள்ளை ஹவாயில், பெண் ஜப்பானில். நேரில் பார்க்காத இந்தக் கல்யாணம் சட்டப்படி எப்படிச் செல்லுபடியானது? வந்த பிறகு அவர்களுக்கு என்ன வேலை?

பதில் 1: அன்றைய ஜப்பானியச் சட்டத்துக்குச் சடங்கு தேவையில்லை. தரகர் மூலம் படங்கள் கைமாறும், இரு வீட்டாரும் விசாரிப்பார்கள். பெண்ணின் பெயரை மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் பதிவேட்டில் (கொசெகி) ஏற்றினால் கல்யாணம் முடிந்தது. பெயர் ஏறி ஆறு மாதம் கழித்தே பாஸ்போர்ட். அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட 1907-08 உடன்பாடு புதிய கூலியாட்களைத் தடுத்தது, ஆனால் ஏற்கெனவே அங்கிருந்தவர்களின் மனைவி, பிள்ளைகள், பெற்றோரை அனுமதித்தது; அதனால்தான் இந்த வழி பெருகியது. அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டம் அதையும் அடைத்தது.

பதில் 2: ஒரு திருத்தம். அமெரிக்க அதிகாரிகளுக்கு அந்தப் பதிவு போதவில்லை. 1917 வரை, ஹொனலூலுவில் இறங்கியதும் பல ஜோடிகளை ஒன்றாக நிறுத்தி மறுபடி கல்யாணம் செய்துவைத்தார்கள். சிக்கல் பெரும்பாலும் படத்தில்தான்: மாப்பிள்ளை அனுப்பியது இளவயதுப் படமாகவோ நண்பனின் படமாகவோ இருக்கும். திரும்பிப் போகக் கப்பல் காசுக்கு எங்கே போவது?

பதில் 3: வேலை பெரும்பாலும் சோகை உரிப்பு, அதாவது கரும்பின் காய்ந்த இலைகளை உரித்தெடுப்பது. அங்கே அதற்கு ‘ஹோலெ ஹோலெ’ என்று பெயர். கரும்பிலையின் விளிம்பு அறுக்கும், சுணை அரிக்கும். அதனால் கொளுத்தும் வெயிலிலும் கை, கால், முகமெல்லாம் துணி சுற்றித்தான் இறங்கவேண்டும். 1915-இல் ஜப்பானிய ஆணுக்கு நாட்கூலி சராசரி 78 சென்ட், பெண்ணுக்கு 55. பலர் இதோடு, குடும்பமின்றித் தனியாக இருந்த ஆண்களுக்குத் துணி துவைத்தும் சமைத்துப்போட்டும் சம்பாதித்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் 1920 வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சம்பளத்தோடு பேறுகால விடுப்பும் இருந்தது: பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் ஆறு வாரம்.