மாலூலா ஊர்க்காரரிடம் முடிவெட்டிக்கொண்ட நாள்

வேலைக்காக ரெண்டு வருஷம் சுவீடனில் சோடர்தேலியாவில் இருந்தேன். மேற்காசியாவிலிருந்து போன சிரியாக் என்னும் பழைய மரபுக் கிறிஸ்தவர்கள் நிறைய வாழும் ஊர் அது. தெருமுனை சலூன்காரர் மட்டும் சிரியாவின் மாலூலா என்ற மலையூரைச் சேர்ந்தவர். எங்கள் இருவருக்கும் அரைகுறை சுவீடிஷ்தான்.

ஒருநாள் வெட்டிக்கொண்டே போனில் பேசினார். அரபியா என்றேன். இல்லை, அரமேயம், வீட்டுக்காரி பால் வாங்கிவரச் சொல்கிறாள் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன "லாமா சபக்தானி" கேட்டு வளர்ந்தவன் நான். இயேசு பேசிய மொழி எப்போதோ செத்துப்போனதாகவே நினைத்திருந்தேன்.

அவர் ஊர் கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சிரிய உள்நாட்டுப் போர்க் காலம், 2013 செப்டம்பர் 4, ஊர் முகப்பு ராணுவச் சாவடியில் தற்கொலைத் தாக்குதல். அல் கொய்தாவோடு சேர்ந்த இஸ்லாமியவாதப் படையான அல் நுஸ்ராவின் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். சனம் உடுத்திய துணியோடு டமாஸ்கஸுக்கு ஓடியது. டிசம்பரில் தெக்லா மடத்துக் கன்னியர்களைக் கடத்திப் போனார்கள். அடுத்த மார்ச்சில்தான் விட்டார்கள். சிரியர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி என்று சுவீடன் அறிவித்ததும் மாலூலா விழுந்த அதே வாரம்தான். இவர் வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

"வெளியிலிருந்து வந்தவனை விடு. கூட வழிகாட்டி வந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு." இதைச் சொன்னபோது கத்தரி நின்றுவிட்டது. ஆனாலும் முஸ்லிம்களை மொத்தமாகத் திட்டி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பக்கத்து பக்ஆ முஸ்லிம் ஊர், அங்கேயும் அரமேயம்தான், அதுவும் போரில் நாசமாகிவிட்டது என்றார்.

மணிக்கட்டில் ஒரு தீத்தழும்பு உண்டு. குண்டுக் காயமென்று நினைத்தேன். இல்லையாம். செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவுக்கு முந்தின இரவு மலையுச்சியில் பெரிய நெருப்பு மூட்டுவார்கள். சின்ன வயதில் அதில் சுட்டுக்கொண்டது. தடவிக் காட்டும்போது முகமே மாறியது.

2014 ஏப்ரலில் அரசுப் படை ஊரை மீட்டது. சிலர் திரும்பினார்கள். இவர் போகவில்லை. மகள் இங்கே பிறந்தவள்.

அன்று பள்ளி விட்டு அவள் கடைக்கு வந்தாள். இவர் அரமேயத்தில் ஏதோ கேட்டார், அவள் சுவீடிஷில் பதில் சொன்னாள். திட்டவில்லை. "அங்கே இருந்திருந்தால் நான் சொல்லித்தரவே வேண்டாம், தெருவே சொல்லித்தந்திருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதே கேள்வியை அவளிடம் மறுபடி அரமேயத்திலேயே கேட்டார்.