வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு டூரிஸ்ட் விசா போதுமா? அவசரம், யாராவது சொல்லுங்க

கோபி_மாணவி
வணக்கம். நான் சட்டக் கல்லூரி மாணவி. வெளிநாட்டில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மெயிலில் கடிதம் வந்துவிட்டது. சம்பளம் கிடையாது, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் மட்டும் தருவார்கள். சம்பளம் இல்லாததால் டூரிஸ்ட் விசாவே போதும் என்று ஈரோட்டில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பணமும் பேங்கில் போட்டாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் சேர வேண்டும். டூரிஸ்ட் விசா போட்டால் சிக்கல் ஏதும் வருமா? ரொம்ப அவசரம்.

நொய்யல்கரை
எந்த நாடுங்க?

பவானி_வக்கீல்
எந்த நாடு, எத்தனையாவது வருஷம், மூணு வருஷப் படிப்பா அஞ்சு வருஷமா, பணம் யார் அக்கவுண்டில் இருக்கிறது? இது தெரியாமல் பதில் சொன்னால் தப்பாகப் போய்விடும்.

காங்கேயத்தான்
எந்த நாடாக இருந்தாலும் சரி, விசா நிற்பது பேங்க் ஸ்டேட்மென்டில்தான். என் தங்கச்சி மகனுக்கு அப்படித்தான் மறுத்தார்கள். தேங்காய் விற்ற காசை அப்ளை பண்ணுவதற்கு நாலு நாள் முன்னால் ஒட்டுக்காகப் போட்டார்கள், இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியில் எல்லாம் போச்சு. மண்டி ரசீது, சிட்டா எல்லாம் எடுத்து வைத்துக்கொள் அம்மணி. மற்றதெல்லாம் அப்புறம்.

தூரன்_71
இந்தப் பகுதியில் நான் வெகு நாளாகப் பதில் எழுதுகிறேன், எல்லாரும் செய்கிற அதே தவறுதான் இது. நாட்டின் பெயரே சொல்லாமல் எந்த விசா என்று கேட்பது, ஊர் சொல்லாமல் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது போல. நாளைக்குக் கட்சிக்காரர் முன்னால் உட்காரப் போகிறவர் நீங்கள். தேதி, இடம், பெயர் இதை முதலில் எழுதப் பழகுங்கள். ஏஜென்ட் சொன்னதை நம்புவதற்கு முன் அந்த நாட்டு அரசின் பக்கத்தைப் படித்தீர்களா?

கோபி_மாணவி
மன்னிக்கணும் ஐயா, பதட்டத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, லண்டன். அஞ்சு வருஷப் படிப்பில் நாலாவது வருஷம். பணம் அப்பா அக்கவுண்டில் இருக்கிறது, மஞ்சள் விற்ற காசு, போன வாரம்தான் போட்டார். எனக்குத் தனி அக்கவுண்ட் இருக்கிறது, அதில் இரண்டாயிரம்தான்.

பொள்ளாச்சி_க்ராய்டன்
தங்கச்சி, நல்ல வேளை அப்ளை பண்ணுவதற்கு முன்னால் கேட்டாய். நான் இங்கே இதே மாதிரி ஒரு சட்ட மையத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஏஜென்ட் சொன்னது தப்பு. இங்கிலாந்தின் விசிட்டர் விசாவில் வேலை கூடாது, அந்த "வேலை"க்குள் இன்டர்ன்ஷிப்பும் அடக்கம், சம்பளம் இல்லையென்றாலும் அடக்கம். விதியில் இன்டர்ன்ஷிப் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். உன் கடிதத்தில் என்ன சொல் போட்டிருக்கிறது என்று பார்.

உனக்குப் பொருந்துவது தொண்டுப் பணியாளர் விசா, செரிட்டி வொர்க்கர் என்பார்கள். சம்பளமில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை இருக்கலாம். நியாயமான செலவுக் காசு வாங்கலாம், பஸ்ஸும் சாப்பாடும் அதில் வந்துவிடும். ஆனால் இதற்கு நிறுவனம் உள்துறையிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், உன் பெயருக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எண் தர வேண்டும். எண் வந்தபின்தான் உன்னால் அப்ளை பண்ணவே முடியும். சின்ன நிறுவனங்கள் நிறையப் பேரிடம் லைசென்ஸ் இருக்காது, அது அவர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது, ஏனென்றால் அங்கே வருகிற மாணவர்களில் அதிகம் உள்ளூர்ப் பிள்ளைகள். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலை இங்கிலாந்து அரசு தன் தளத்தில் வைத்திருக்கிறது. இன்றைக்கே அதில் பெயரைத் தேடு, இல்லையென்றால் அவர்களுக்கு நேரடியாக மெயில் போடு.

இன்னொன்று, அந்த விசாவில் களப்பணிதான் கணக்கு. வருகிற மக்களோடு உட்கார்ந்து விவரம் கேட்பது, படிவம் நிரப்ப உதவுவது, கோர்ட்டுக்குக் கூடப் போவது போன்றவை. ஆபீஸில் ஃபைல் அடுக்குவது மட்டும் என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். என்ன வேலை என்று தெளிவாக எழுதித் தரச் சொல்.

நொய்யல்கரை
இதற்கு இவ்வளவு சுற்ற வேண்டுமா? பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை விசிட்டர் விசாவிலேயே தன்னார்வமாக வேலை செய்யலாம் என்று நானே படித்தேன். எட்டு வாரத்தை நாலு வாரமாகக் குறைத்துக்கொண்டால் முடிந்தது.

பொள்ளாச்சி_க்ராய்டன்
அந்த 30 நாள் இருப்பது உண்மை. ஆனால் வந்ததன் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் பத்து நாள் போய் உதவினேன் என்றால் சரி. இன்டர்ன்ஷிப் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் பொய் சொன்னதாக ஆகும். பொய் சொல்லி அப்ளை பண்ணியது தெரிந்தால் பத்து வருஷத்துக்கு விசா மறுக்கலாம். வக்கீலாகப் போகிற பிள்ளைக்கு அந்தக் கறை வேண்டாம் அண்ணா.

காங்கேயத்தான்
பணம் பற்றி யாரும் பேசவில்லையே?

பொள்ளாச்சி_க்ராய்டன்
பேசுகிறேன் அண்ணா, அதுவும் முக்கியம்தான். இந்த விசாவுக்கு 1,270 பவுண்டு காட்ட வேண்டும், நம்ம காசில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். தொடர்ந்து 28 நாள் ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும், அந்த 28ஆவது நாள் அப்ளை பண்ணும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். அப்பா அக்கவுண்டில் இருப்பது இதற்குச் செல்லாது, பெற்றோர் கணக்கை ஏற்பது படிக்கப் போகிற ஸ்டூடன்ட் விசாவுக்குத்தான். தங்கச்சி, பணத்தை நாளைக்கே உன் அக்கவுண்டுக்கு மாற்றிவிட்டுத் தொடாமல் வை. நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ் ஏ தரத்தில் இருந்து, முதல் மாதச் செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று சான்றிதழில் குறித்தால் இது எதுவும் வேண்டாம், அதையும் கேட்டுப் பார்.

ஆறு மாதத்துக்கு மேல் போகாததால் காசநோய்ச் சோதனையும் விசாவோடு கட்டுகிற மருத்துவக் கட்டணமும் உனக்கு இல்லை. கைரேகை கொடுக்கச் சென்னை போய்விட்டு வா. அதன்பின் முடிவு வர வழக்கமாக மூணு வாரம்.

பவானி_வக்கீல்
விசா ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரியில் அனுமதி வாங்கினாயா அம்மணி? இந்தியப் பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிப்படி அஞ்சு வருஷப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப். ஆனால் ஒரு வருஷத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரமும் கணக்கில் ஏறும் என்று நினைத்துப் போய்விடாதே. முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் போ. என் ஜூனியர் ஒருத்தி இதில் மாட்டினாள், கடைசி வருஷத்தில் அலைந்தாள்.

மில்_பாரா_லீகல்
நான் வேறு ஒன்று கேட்கிறேன். சட்ட உதவிக்கு லண்டன் வரை எதற்குப் போக வேண்டும்? திருப்பூரிலும் ஈரோட்டிலும் நூல் மில்லில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு, சம்பளப் பாக்கி ஒன்றைக் கேட்கவே ஆள் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. 15100 என்று கூப்பிட்டாலே போதும். இது தெரிந்த மில் பிள்ளையை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

தூரன்_71
இது இந்த விவாதத்துக்குத் தேவையில்லாத பேச்சு. கேட்டது விசா.

மில்_பாரா_லீகல்
தேவையில்லாத பேச்சு இல்லை ஐயா. போன மாதம் மில் ஹாஸ்டலிலிருந்து கிளம்பிய ஒரு பெண், வேலைக்காலம் முடிந்ததும் தருவதாகச் சொன்ன மொத்தத் தொகை கைக்கு வராமல், ஊருக்குப் போகிற பஸ் காசுகூட இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மனு எழுத ஒரு மாணவர் கிடைத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும், எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் டெல்லிக்கும் லண்டனுக்கும் போனால் இங்கே யார் எழுதுவது?

பொள்ளாச்சி_க்ராய்டன்
அக்கா, நீங்கள் சொல்வது சத்தியம். ஆனால் இங்கே வந்து பார்ப்பதிலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. இங்கே சட்ட உதவிக்கு 1949லேயே சட்டம் போட்டார்கள், 1970இல் லண்டனின் வட கென்சிங்டனில் தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைகிற மாதிரி முதல் சட்ட மையம் திறந்தார்கள். அப்புறம் 2012இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2013 ஏப்ரலிலிருந்து கடன், அரசு உதவித்தொகை, வேலைத் தகராறு பெரும்பாலும் சட்ட உதவிப் பட்டியலுக்கு வெளியே போய்விட்டது. பெரும்பாலும் வீட்டை விட்டுத் துரத்துகிற நிலை வந்தால்தான் வீட்டு வழக்குக்கு உதவி. அதற்கு முந்தின படியில் வருகிறவரை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. எழுதி வைத்த உரிமை பணம் இல்லாமல் எப்படிச் சுருங்குகிறது என்பதை அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தால்தான் தெரியும். எட்டு வாரம் பார்த்துவிட்டு உங்களிடமே மனு எழுத வரட்டும்.

தங்கச்சி, சொல்ல மறந்தேன். குடியேற்ற விஷயமாக யாராவது கேட்டால் நீயாகப் பதில் சொல்லிவிடாதே. பதிவு இல்லாதவர் அதில் ஆலோசனை சொல்வது இங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குறிப்பெடுத்து மேலே இருப்பவரிடம் கொடு.

நொய்யல்கரை
சரி, 30 நாள் விஷயத்தில் நான் பாதிதான் படித்திருக்கிறேன். ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் ரிட்டர்ன் போட்டு வைப்பது நல்லது என்று சொல்வேன்.

காங்கேயத்தான்
வரியே இல்லாத காசுக்கு எதற்கு ரிட்டர்ன்? மண்டி ரசீது போதும்.

நொய்யல்கரை
போதாது. மூணு வருஷ ரிட்டர்ன் இருந்தால் எந்த ஆபீஸரும் கேள்வி கேட்கமாட்டார்.

தூரன்_71
ரசீதும் வேண்டும், ரிட்டர்ன் இருந்தால் அதுவும் வைக்கலாம். கேட்ட பெண் ஆறு நாளாக வரவில்லை. முதலில் அவர் வரட்டும். நான் முதலில் கடிந்து எழுதியது அவர் நல்லதுக்குத்தான்.

கோபி_மாணவி
எல்லாருக்கும் நன்றிங்க. பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. மெயில் போட்டேன், எண் தருகிறோம், சேரும் தேதியை ஐந்து வாரம் தள்ளுகிறோம் என்றார்கள். கல்லூரியில் நாலு வாரத்துக்குத்தான் கையெழுத்து, மீதி நாலு வாரம் கணக்கில் வராது, இருந்தாலும் போகிறேன். பணம் என் அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. பாரா லீகல் அக்கா, திரும்பி வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.

காங்கேயத்தான்
பணம் எந்தத் தேதியில் வந்தது? 28 நாளை அதிலிருந்து எண்ணு அம்மணி.