உடன் தங்கும் உறவினர்: சிகிச்சையா, செவிலியர் பற்றாக்குறையா?

காட்பாடி வாசகர்:
மனநல உள்நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரைத் தங்கவைப்பதும் சிகிச்சையே என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஒரு முறை இருக்கிறது. மனத்தில் எழும் எண்ணத்தை எழுதி, அதற்குச் சான்று உண்டா என்று பார்த்து, வாரந்தோறும் பயிற்சி செய்துவர வேண்டும். பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய் என்ன சிகிச்சை செய்கிறார்? செவிலியர் போதவில்லை, ஆகவே உறவினரை வைக்கிறார்கள்.

குடியாத்தம் அக்கா:
அந்த ஒருவர் நான்தான். நேராகவே என்னிடம் கேட்டிருக்கலாம். மனச்சிதைவுக்காகச் சேர்க்கப்பட்ட என் தம்பியோடு ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு நாள் தங்கினேன். பாய் விரித்தது உண்மைதான். காதில் குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது, இல்லை என்று வாதாடவும் கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது, அவனுடைய பயத்தைக் கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். எங்கள் அப்பா ஓயாமல் குறை சொல்வதை நிறுத்தியதும் அங்கே கற்றதனால்தான். வீட்டில் குறைகூறலும் பகைமையும் மிகுந்தால் நோய் திரும்புவது கூடுகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆம்பூர் ஆசிரியர்:
அக்கா சொல்வது புதிதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளிகளோடு தங்கவைத்தார். நம் வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது.

காட்பாடி வாசகர்:
ஆசிரியர் ஐயா, அந்தக் கூடாரமே என் சான்று. இடமும் ஆளும் போதாமல்தான் அமிர்தசரஸில் கூடாரம் வந்தது. அந்தப் பற்றாக்குறைக்குச் சிகிச்சை என்று பின்னால் பெயர் சூட்டினார்கள்.

குடியாத்தம் அக்கா:
தொடங்கிய காரணத்தையே பிடித்துக்கொண்டு, அதனால் விளைந்ததைப் பார்க்க மறுக்கிறீர்கள். சென்ற மாதம் மாத்திரை பற்றிய விவாதத்திலும், மாத்திரையை நிறுத்தினால் என்ன நேரும் என்று அனுபவத்தில் சொன்ன என்னைப் படிக்காதவள் என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

காட்பாடி வாசகர்:
முறையாகப் படிக்கவில்லை என்றுதான் எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல.

இராணிப்பேட்டை நண்பர்:
என் மனைவிக்கு எண்ணச் சுழற்சி நோய். கதவைப் பூட்டினேனா என்று அவள் கேட்கும்போதெல்லாம் பூட்டினாய் என்று நான் உறுதி சொல்லக் கூடாது என்று உளவியலாளர் தடுத்தார். அந்த உறுதியே நோயை வளர்க்கிறதாம். பக்கத்தில் இருப்பவர் கற்றுக்கொள்ளாவிட்டால் சிகிச்சை வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

காட்பாடி வாசகர்:
உங்களுக்குக் கற்பித்தவர் பயிற்சி பெற்ற உளவியலாளர். அதை யார் மறுத்தார்கள்? பாய் விரித்துப் படுப்பது சிகிச்சையா என்பதே என் கேள்வி. அக்கா தங்கிய வார்டில் இரவில் எத்தனை செவிலியர் இருந்தார்கள்?

குடியாத்தம் அக்கா:
ஒருவர். அதை நான் மறைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் எங்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசிய சமூகப் பணியாளரையும் கணக்கில் சேருங்கள். செவிலியர் பத்துப் பேர் இருந்திருந்தாலும், வீடு திரும்பிய பிறகு என் தம்பியோடு இருக்கப்போவது நான்தான்.

காட்பாடி வாசகர்:
ஒருவர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் முதலில் சொன்னதும் அதுதான்.