கடைசி மாடி அறை, ஏசி இல்லை, 39 டிகிரி: கோடையை அனுபவிக்கணும், சுருண்டு விழவும் கூடாது

கேள்வி: கடைசிமாடி

விடுமுறையிலும் புராஜெக்ட்டுக்காக விடுதியிலேயே தங்குறோம். அறை கடைசி மாடியில, சீலிங் ஃபேன் மட்டும்தான். பகல்ல 38, 39 டிகிரி. அதுக்காக உள்ளேயே முடங்கிக் கிடக்க மனசில்லை. சாயங்காலம் கால்பந்து, வாரக் கடைசியில ஆத்துக் குளியல், புல்வெளியில சாப்பாடு எல்லாம் வேணும். "நிறையத் தண்ணி குடி"ங்கிறதைத் தாண்டி உருப்படியா சொல்லுங்க. எவ்வளவு வெயில் வரைக்கும் விளையாடலாம்னு எதை வச்சு முடிவு பண்றது? ஃபேன் அனலா அடிக்குதே, போடலாமா கூடாதா? ராத்திரி எப்படித் தூங்குறது?

பதில்: ஈரத்துண்டு

டிகிரியை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. வியர்வை வடியறதால உடம்பு குளிராது, அது காயறதாலதான் குளிரும். காத்துல ஈரப்பதம் ஏறிட்டா வியர்வை காயாம சொட்டும். சொட்டினது தண்ணி நஷ்டம் மட்டும்தான், குளிர்ச்சி கிடைக்காது. அதனால வானிலை ஆப்ல "உணரும் வெப்பநிலை"ன்னு தனியா வர்ற எண்ணைப் பாருங்க. 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தா அது 41 கிட்ட போயிடும். அந்தக் கணக்குமே பொதுவா நிழல்ல நிக்கிறவருக்குப் போட்டது. நேர் வெயில்ல இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். செயற்கைப் புல் மைதானம்னா மதியத்துல தரையே 60 டிகிரியைத் தாண்டும். அங்க விழுந்து சறுக்கினா முட்டி வெந்துடும்.

அடுத்தது நேரம். புறஊதாக் கதிர் உச்சி வேளையில அதிகம், காத்தோட சூடு 3 மணியிலிருந்து 5 மணிக்குள்ள அதிகம். ரெண்டுக்கும் கடிகாரம் வேற வேற. "வெயில் சாஞ்சிடுச்சே"ன்னு 5 மணிக்கு மைதானத்துல இறங்கினா தோல் கருகாது, ஆனா உடம்பு சூடேறும். உண்மையிலேயே குளிர்ந்த நேரம் விடியற்காலை. முடியாதுன்னா சூரியன் மறைஞ்ச பிறகு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நாள் முழுக்க ஏசி ஆய்வகத்துல இருந்துட்டு நேரா 90 நிமிஷ ஆட்டம் வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நாள் வழக்கமான ஆட்டத்துல 20 சதவீதம், பிறகு தினம் 20 சதவீதம் கூட்டுங்க. பழகின உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில உப்பையும் கம்மியா விடும்.

பதில்: வெப்பமானி

ஃபேன் கேள்விக்கு வருகிறேன். தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த காற்று பட்டால் சூடு உடம்பிலிருந்து வெளியே போகும், அதைவிடச் சூடான காற்று பட்டால் உள்ளே ஏறும். அதற்காக 36 டிகிரியிலேயே ஃபேனை அணைக்க வேண்டியதில்லை. வியர்வை காய்வதால் கிடைக்கும் லாபம், உள்ளே ஏறும் சூட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால், அதுவும் வறண்ட காற்று என்றால், கணக்கு தலைகீழ். உலக சுகாதார நிறுவனமும் 40-க்குக் கீழ்தான் ஃபேன் என்கிறது. அந்த மாதிரி மதியத்தில் 2, 3 மணி நேரம் நூலகத்துக்கோ வேறு குளிர்ந்த இடத்துக்கோ போய்விடுங்கள். போக வழியில்லையா? கையையும் காலையும் நனைத்துக்கொண்டே இருங்கள், முழங்கை வரை வாளித் தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள்.

கடைசி மாடியில் சிக்கலே கூரைதான். பகல் முழுக்கக் குடித்த வெயிலை கான்கிரீட் நள்ளிரவு வரை உள்ளே கக்கும். சீலிங் ஃபேன் கூரையடியில் தேங்கிய அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. ஒரு மேசை மின்விசிறி வாங்கித் தரையோரம் வைத்தால் வித்தியாசம் தெரியும். படுக்கையையும் தரைக்கு இறக்குங்கள்.

ஜன்னலில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். "காற்று வரட்டும்" என்று பகலில் திறந்து வைத்தால் வெளிச்சூடு அப்படியே உள்ளே வரும். ஒரு சாதாரண அறை வெப்பமானி வாங்கி மாட்டுங்கள். வெளியே உள்ளதைவிட அறை குளிராக இருக்கும்வரை ஜன்னலும் திரையும் மூடியே இருக்கட்டும். வெளிச்சூடு இறங்கி அறையைவிடக் குறைந்ததும் ஜன்னல், கதவு இரண்டையும் திறங்கள். மேசை மின்விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் உள்சூட்டை அது தள்ளும், கதவு வழியாகக் குளிர்ந்த காற்று தானே வரும். அறை ஆறியதும் விசிறியைப் படுக்கைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். திரையைவிட ஜன்னலுக்கு வெளியே கட்டும் தட்டி பல மடங்கு மேல். கண்ணாடிக்குள் வந்துவிட்ட வெயிலைத் திரை என்ன செய்ய முடியும்?

தூங்கப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். சில்லென்ற தண்ணீர் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு வெளியேறுவது தடைப்படும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியைப் போர்த்திக்கொண்டு ஃபேன் போடுவது வறண்ட ஊரில் அருமையாக வேலை செய்யும். புழுக்கமான ஊரில் பிசுபிசுப்புதான் மிச்சம்.

கடைசிமாடி:

ஜன்னல் விஷயம் இத்தனை நாள் தெரியலையே, நன்றி. ஆட்டத்துக்கு நடுவுல எவ்வளவு தண்ணி? உப்பு போடணுமா?

பதில்: முதலுதவிப்பெட்டி

15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீரை ஊற்றுவார்கள், நிலைமை மோசமாகும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாக வியர்த்தால் ஓஆர்எஸ் நல்லது. பொட்டலத்தில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு அதிகமாகி வாந்தி வரும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

விளையாடுகிற எல்லோரும் இதையும் தெரிந்து வைத்திருங்கள். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இருக்கிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறார் என்றால்: நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடம்பை நனைத்து விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். 30 நிமிடத்தில் தேறாவிட்டால் ஆம்புலன்ஸ். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், நினைவிழப்பு என்றால் காத்திருக்கவே கூடாது, அது வெப்பத் தாக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்). "வியர்க்குதே, அப்போ ஒண்ணும் இல்லை" என்று விடாதீர்கள். ஓடி விளையாடி வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை இறக்கி, அக்குள் வழியாகத் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை மூழ்கக்கூடாது. தொட்டி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் பீய்ச்சி விசிறுங்கள், ஐஸில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 30 நிமிடத்துக்குள் உடல் சூட்டை 40-க்குக் கீழே கொண்டுவருவதுதான் குறி. தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் வேலை செய்யாது, ஏனென்றால் இது காய்ச்சல் அல்ல.

பதில்: ஆத்தோரம்

ஆத்துக் குளியல் பத்தி யாரும் பேசலையே. வெளியில 38 டிகிரின்னா தண்ணியும் இதமா இருக்கும்னு நினைக்காதீங்க. மலையிலிருந்து வர்ற ஆறு, ஆழமான ஏரி எல்லாம் 15 டிகிரிக்குக் கீழ இருக்கலாம். அதுல திடீர்னு குதிச்சா மூச்சு தானா இழுத்துக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா நல்லா நீந்தத் தெரிஞ்சவனும் தண்ணி குடிச்சுடுவான். கரையிலிருந்து மெதுவா இறங்குங்க. தவறி விழுந்தா நீந்தப் பாக்காம 60 முதல் 90 விநாடி மல்லாந்து மிதங்க, மூச்சு சீராகும். யாராவது தத்தளிச்சா கயிறோ காலி கேனோ வீசுங்க, பின்னாடியே குதிக்காதீங்க. குடிச்சுட்டு இறங்குறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

சன்ஸ்கிரீன்: முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணியிலிருந்து ஏறினதும் மறுபடியும். நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருந்தா கதிர் கடுமைன்னு அர்த்தம்.

புல்வெளிச் சாப்பாடு: சமைச்சது வெளியில 2 மணி நேரம்தான் தாங்கும். 32 டிகிரிக்கு மேல போனா 1 மணி நேரம்.

பதில்: வெப்பமானி

மாணவர்களிடம் கேட்க விட்டுப்போனது மருந்து. பருவுக்கு டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் கருகும். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். கவனக்குறைவுக் கோளாறுக்கான (ஏடிஎச்டி) ஊக்கி மருந்துகளும் உடல் சூட்டைக் கூட்டும். எதையும் தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் வெயிலில் விளையாடப் போவதைச் சொல்லிக் கேளுங்கள்.