அப்பாவோட கேசட், எல்பி, சிடி எல்லாம் வெச்சுக்கவா, குடுத்துடவா?

அங்மோகியோ_மலர்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மா அப்பா இங்க சிங்கப்பூர்ல அங் மோ கியோ ஐந்தறை வீட்ட வித்துட்டு சின்னதா ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு மாறப்போறாங்க. சாமான்ல பாதிக்கு மேல கழிச்சாகணும், மத்ததெல்லாம் ஒருவழியா பேசி முடிச்சாச்சு, அப்பாவோட பாட்டு அலமாரியிலதான் வந்து நிக்குது. ரெண்டு இரும்பு அலமாரி நெறைய கேசட், ஒரு பெட்டி எல்பி (பெரிய இசைத்தட்டு), ஒரு ரேக் சிடி. எழுபதுகள்லருந்து சேத்தது, தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல வாங்கினது பாதி, ஊருக்குப் போறப்பல்லாம் திருச்சியில லிஸ்ட் எழுதிக் குடுத்து ரெக்கார்டிங் பண்ணிட்டு வந்தது கொஞ்சம், ரேடியோவுலருந்து அவரே புடிச்சது கொஞ்சம்.

அப்பாகிட்ட கேட்டா "எல்லாம் போன்லயே வருதேம்மா, நீயே பாத்து செய்"ங்கிறாரு. ஆனா அவரு போன்ல பாட்டு கேட்டு நான் பாத்ததே இல்ல. அண்ணன் பழைய சாமான் எடுக்கற கரங்குனிக்காரர கூப்பிட்டுத் தள்ளிவிடுங்கிறான். பழைய சாமான் விக்கற கரோசெல் ஆப்ல எல்பி படத்த மட்டும் போட்டேன், அன்னிக்கே ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறேன்னு மெசேஜ் போட்டாரு, கேசட் பத்தி கேட்டா வேணாம்ட்டாரு. சில கேசட்டுக்குள்ள டேப் மேல வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கு. கேசட் போடற டெக்கும் ஓடல, ப்ளே அமுக்கினா மோட்டார் சத்தம் வருது, சக்கரம் சுத்த மாட்டேங்குது.

நான் ஸ்ட்ரீமிங்லதான் கேக்கறேன், பாட்டெல்லாம் அதுலயே இருக்குதுன்னுதான் தோணுது. இருந்தும் தூக்கிப் போட கை வரல. இத கடந்து வந்தவங்க என்ன பண்ணீங்க?

---

பொங்கோல்_ரவி:

குடுத்துடுங்க. நான் குடுத்தேன், இன்னி வரைக்கும் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. பொட்டியில பூட்டி வெச்ச பாட்ட யாரு கேக்கப்போறா, கேக்காத பாட்டு பாட்டே இல்லங்கிறது என் எண்ணம். முன்னெல்லாம் சுங்கை ரோட்டு பழைய சாமான் சந்தையில கடை விரிச்சிருக்கறவங்ககிட்ட குடுத்தா வாங்கிப்பாங்க, 2017 ஜூலையில அதையும் மூடிட்டாங்க. இப்போ கரோசெல் இல்லன்னா தெரிஞ்சவங்கதான். ஈரறை வீட்டுல ரெண்டு இரும்பு அலமாரிய வெச்சா அம்மா அப்பா எங்க நடப்பாங்க? வயசானவங்க தடுக்கி விழாம நடமாட எடம் வேணும், எனக்கு அதுதான் பெருசு.

---

டேப்_மாமா:

மலரும்மா, முதல்ல ஒண்ணு. அந்த எல்பி கேக்கறவருகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, கரங்குனிக்காரரையும் கூப்பிடாதீங்க. ரவி சொல்றதுல நியாயம் இருக்கு, எடம் இல்லாத வீட்டுல எல்லாத்தையும் வெச்சுக்க முடியாது. ஆனா "வெச்சுக்கவா குடுக்கவா"ன்னு மொத்த அலமாரிக்கும் ஒரே பதில் தேடாதீங்க, ஒவ்வொரு கேசட்டுக்கும் கேள்வி வேற. இது வேற எங்கயாவது கிடைக்குமா கிடைக்காதா, அத மட்டும் பாருங்க.

கம்பெனி அட்டையோட வந்த சினிமா பாட்டு கேசட், பக்திப் பாட்டு கேசட்டெல்லாம் ஆயிரக்கணக்குல அடிச்சது. அதுல அப்பா ஆசையா கேக்கறத மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு மிச்சத்த மனசு வந்து குடுக்கலாம். அட்டையில்லாம பேனாவுல எழுதி வெச்சது இருக்கு பாருங்க, அதுதான் அலமாரியோட உயிர். ரேடியோவுலருந்து புடிச்சதுன்னு சொன்னீங்களே, அதுல பாட்டு மட்டும் இருக்காது. பாட்டுக்கு முன்னாடி அறிவிப்பாளர் பேசறது, நேயர் விருப்பத்துல "தோ பாயோவிலிருந்து கேட்டிருப்பவர்கள்"னு குடும்பத்துல சின்னப்புள்ள வரைக்கும் பேரு வாசிக்கறது, நேரம் சொல்றது, செய்திச் சுருக்கத்தோட ரெண்டு வரி, இதெல்லாம் தெரியாத்தனமா சேந்து பதிவாயிருக்கும். அந்தப் பாட்டு இன்னிக்கு போன்ல கிடைக்கும், அந்தக் குரல் எந்த ஆப்லயும் கிடைக்காது. அந்தக் காலத்துல நம்ம ஊரு தமிழ் வானொலி எப்படிப் பேசுச்சுன்னு கேக்கணும்னா இந்த மாதிரி வீட்டு அலமாரியிலதான் தேடணும்.

அப்புறம் ஒலிச்சித்திரம், கதை வசனம்னு போட்ட கேசட்டும் எல்பியும் தனியா வைங்க. அதுக்கும் மேல இங்க சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க பாடி இசையமைச்சு வெளியிட்ட கேசட் ஏதாவது இருந்தா அத முதல் வரிசையில வைங்க. கொஞ்சமா அடிச்சு தேக்கா கடையில வித்துட்டுப் போனது, பல பேரு வீட்டுல இப்ப ஒரு பிரதிகூட இருக்காது. அந்த மாதிரி கெடச்சா தேசிய நூலகத்துக்கு பட்டியலும் படமும் அனுப்பிக் கேளுங்க, சிங்கப்பூர் சம்பந்தப்பட்டத அவங்க பாத்துத் தேர்ந்தெடுத்து நன்கொடையா எடுத்துக்கறாங்க.

வெள்ளப் புள்ளி பூசணம்மா. நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு அது வராம இருந்தாத்தான் ஆச்சரியம், 60 சதவீதத்துக்கு மேல ஈரம் நின்னாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம், இங்க வெளிய பாதி நாள் 80ஐ தாண்டிடுது. அந்த கேசட்ட நல்ல டெக்குல போட்டீங்கன்னா டேப்ப படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்து போடற கேசட்டுக்கும் பரவிடும். ஒரு ஜிப் பையில போட்டுத் தனியா ஒதுக்குங்க, தொடறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க. பூசணம் புடிச்சதுன்னு தூக்கிப் போடாதீங்க, காய வெச்சு துடைச்சு எடுத்தா பெரும்பாலும் ஓடும்.

---

செம்பவாங்_சாரதா:

மாமா சொன்னதோட நான் ஒண்ணு சேக்கறேன். "எல்லாம் ஸ்ட்ரீமிங்ல இருக்கு"ங்கிறத அப்படியே நம்பாதீங்க மலர். நாம மாசாமாசம் குடுக்கற காசு வாடகைதான். உரிமை ஒரு கம்பெனிகிட்டருந்து இன்னொண்ணுக்குப் போச்சுன்னாலோ ஒப்பந்தம் முடிஞ்சாலோ நேத்து கேட்ட பாட்டு இன்னிக்கு சாம்பல் நெறத்துல நிக்கும், அமுக்கினா ஓடாது. என் ப்ளேலிஸ்ட்ல அப்படி நின்னது நெறைய.

இருக்கற பாட்டுலயும் எது இருக்குன்னு பாக்கணும். எண்பதுகள்ல வந்த பாட்டுக்கு மேல புதுசா டிரம்ஸ் ஏத்தி விட்டது, எக்கோ கூட்டினது, ரீமாஸ்டர்னு சொல்லி சத்தத்த மட்டும் தூக்கி வெச்சது, தேடினா அதுதான் முதல்ல வருது. எங்கம்மா எல்பியில ராஜா சார் பாட்டு கேக்கறப்ப பேஸ் கிட்டார் தனியா எந்திரிச்சு நடக்கும், அதே பாட்டு போன்ல வேற மாதிரி இருக்கு. எல்பிங்கிறதால மட்டும் சொல்லல, எந்த டேப்லருந்து எடுத்து யாரு எப்படி மாஸ்டர் பண்ணாங்கங்கிறதுலதான் வித்தியாசமே இருக்கு. சினிமாவுல வர்ற பாட்டும் ரெக்கார்டுல வர்ற பாட்டும் கூட பல எடத்துல ஒண்ணு கிடையாது. அந்தக் காலத்து 78 ரெக்கார்டுல (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற இசைத்தட்டு) ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சந்தான் ஆகும், நீளமான பாட்டுன்னா வெட்டுவாங்க இல்ல ரெண்டு பக்கமா பிரிப்பாங்க.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப முக்கியம். கேசட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற அட்டை. யாரு எழுதினது, யாரு பாடினதுன்னு பாட்டு வாரியா அதுல இருக்கும். ஆப்ல பாத்தா இசையமைப்பாளர் பேரையே பாடகர் எடத்துல போட்டிருப்பாங்க, எழுதின கவிஞர் பேரு பாதி பாட்டுக்கு இருக்கவே இருக்காது. எழுதினவன் பேரு இல்லாம பாட்ட அனுப்பறது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கேசட்ட குடுத்தாலும் அட்டைய ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டுக் குடுங்க ப்ளீஸ்.

---

அங்மோகியோ_மலர்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து அலமாரிய தொறந்து பேனாவுல எழுதினத மட்டும் பிரிச்சேன், ஒரு பெரிய அட்டப்பெட்டி நெறைஞ்சிடுச்சு. சிலதுல ஒண்ணுமே எழுதல. மாமா, டெக் ரிப்பேர் ஆகுமா இல்ல வேற வாங்கணுமா? கம்ப்யூட்டர்ல ஏத்தறது கஷ்டமா? தேக்காவுல யாராவது செஞ்சு குடுப்பாங்களா?

---

டேப்_மாமா:

மோட்டார் ஓடி சக்கரம் சுத்தலன்னா பெரும்பாலும் பெல்ட் போயிருக்கும்மா. உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கு, வருஷக்கணக்கா சும்மா கெடந்தா தொங்கிப் போயிடும், சிலதுல உருகி தார் மாதிரி ஒட்டியே கெடக்கும். ரப்பர்தான், சில வெள்ளிக்குள்ள முடியற சாமான், டெக்க தூக்கிப் போடாதீங்க. புதுசா யூஎஸ்பியோட மலிவா விக்கறாங்களே கைக்கடக்கமா ஒரு ப்ளேயர், அத மட்டும் வாங்கிடாதீங்க, வேகம் ஒரு சீரா இருக்காது, பாட்டு அலையும். அப்பாவோட பழைய டெக் அதவிட நூறு மடங்கு தேவல.

வெளிய குடுக்கறதவிட நீங்களே செய்ங்க. டெக்குல சத்தம் வெளிய வர்ற லைன் அவுட் ஓட்டையிலருந்து ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா கம்ப்யூட்டருக்கு, ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரெக்கார்ட் அமுக்கிட்டா போதும். மைக் ஓட்டையில சொருகாதீங்க, சத்தம் கிழிஞ்சு வரும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு ஹெட்ட துடைங்க, பழுப்பா அழுக்கு வரும், அது வர்றது நிக்கற வரைக்கும் துடைங்க. கேசட்ட முதல்ல ஒருதடவ கடைசி வரைக்கும் ஓட்டி திருப்பிச் சுத்துங்க, ஒட்டியிருக்கற சுத்து விட்டுக்கும். சத்தம் கம்பளிக்குள்ளருந்து வர்றாப்ல மங்கலா இருந்தா ஹெட்டு பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அத துளித்துளியா திருப்பினா ஒரு எடத்துல "ஸ", "ச" எல்லாம் பளிச்சுன்னு தெறக்கும், அங்க நிறுத்துங்க. வேற மெஷின்ல பதிவு பண்ண கேசட்டுக்கு இது ரொம்ப அவசியம், திருச்சியில பண்ணது கண்டிப்பா அப்படித்தான் இருக்கும்.

அவசரப்படுத்த முடியாத வேலை இது. 90 நிமிஷ கேசட்டுக்கு 90 நிமிஷம் உக்காந்தே ஆகணும். 120 நிமிஷ கேசட் ஏதாவது இருந்தா இன்னும் கவனம், டேப் ரொம்ப மெல்லிசு, இழுத்துக்கும். சிடி தரத்துல ஏத்தினா நிமிஷத்துக்கு 10 எம்பி ஆகும், ஃப்ளாக்ங்கிற ஃபைல் வகையில சேவ் பண்ணா கிட்டத்தட்ட அதுல பாதிதான் வரும், தரம் ஒரு பொட்டு குறையாது. எம்பி3 பண்றதுன்னா போன்ல போட்டுக்க தனியா பண்ணுங்க, மூலத்த ஃப்ளாக்லயே வைங்க. ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு அண்ணன் வீட்டுல.

கம்பெனி சிடிக்கு அவசரமே இல்ல. வீட்டுல எழுதின சிடி இருந்தா அதத்தான் மொதல்ல காப்பி பண்ணணும், அதுல இருக்கற சாயம் வெளுத்துப்போச்சுன்னா கேசட் மாதிரி இரைச்சலோடயாவது ஓடாது, மொத்தமா படிக்காமலே போயிடும்.

---

ஜூரோங்_காதர்:

ஒண்ணுமே எழுதாத கேசட்ட கடைசியில வெச்சுக்காதீங்க தங்கச்சி, அதத்தான் முதல்ல போட்டுக் கேக்கணும். எங்க அத்தா கடையநல்லூர்லருந்து இங்க வேலைக்கு வந்தவங்க. ஊருக்கு போன் பேசறதுன்னா அப்ப காசு கரையும், கடுதாசி எழுதறதுக்கு பதிலா கேசட்டுல பேசி ஊருக்குப் போற ஆளுகிட்ட குடுத்து அனுப்புவாங்க, அங்கருந்து பதிலும் கேசட்டுல வரும். அத்தா மவுத்தானப்பறம் நாகூர் ஹனிஃபா பாட்டு கேசட்டெல்லாம் ஒதுக்கிட்டு இருந்தோம், அதுல ஒண்ணுல ஏ பக்கம் முழுக்க பாட்டு, திருப்பிப் போட்டா எங்க பெரியம்மா குரல்! "காதருக்கு பல்லு வந்துருச்சா, வெயில்ல அலையாதீங்க, அனுப்புன துணி கிடைச்சுது"ன்னு ஊரு கதையெல்லாம் சொல்லிட்டு, நடுவுல ஆடு கத்துது, யாரோ கதவத் தட்டறாங்க, "இருங்க மச்சான் பேசிக்கிட்டு இருக்கேன்"னு சொல்றாங்க. பெரியம்மா குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல. அந்த கேசட்டுக்கு மேல ஹனிஃபா பாட்டு அட்டைதான் ஒட்டியிருந்துச்சு, அட்டைய நம்பி குடுத்திருந்தா போயிருக்கும். அதனால ரெண்டு பக்கமும் கேளுங்க. ரவி பாய், நீங்க சொல்ற எடப் பிரச்சினை உண்மைதான், ஆனா கேக்காம மட்டும் யாரும் குடுத்துடாதீங்க.

---

பொங்கோல்_ரவி:

காதர் பாய், ஒத்துக்கறேன், கேட்டுட்டுக் குடுக்கறதுதான் சரி. ஆனா மலர், டிஜிட்டல் பண்ணதுக்கு அப்புறமும் எல்லாத்தையும் வெச்சுக்கணும்னு ஆரம்பிச்சா அது உங்க வீட்டு அலமாரிக்கு வந்து உக்காரும். அளவு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

---

டேப்_மாமா:

அதுவும் சரிதான். கேமரா வெக்கற டிரை கேபினட் ஒண்ணு சின்னதா வாங்கி 40லருந்து 50 சதவீதத்துல வைங்க, அதுல புடிக்கற அளவுதான் மிஞ்சணும்னு வெச்சுக்கோங்க. புது வீட்டு பாம் ஷெல்டர்ல, அந்த பதுங்கு அறையில மட்டும் அடுக்கிடாதீங்க, காத்தோட்டம் இல்லாத எடம், பூசணம் அங்கதான் முதல்ல வரும். எல்பிய படுக்க வெக்காம நிக்க வைங்க.

---

அங்மோகியோ_மலர்:

எல்பி கேட்டவருகிட்ட இப்போதைக்கு விக்கலன்னு சொல்லிட்டேன். அப்பாகிட்ட காதர் அண்ணன் எழுதினத வாசிச்சுக் காட்டினேன், உடனே எந்திரிச்சுப் போயி அவரே பெட்டியத் தொறந்து "இது 83ல புடிச்சது, இது உங்க தாத்தா பேசினதா இருக்கும்"னு ஒவ்வொண்ணா எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டாரு. எது போகணும்னு அவரேதான் சொல்லட்டும். கம்பெனி கேசட்டுல அவரு வேணாம்னு ஒதுக்கறத படம் எடுத்து இங்க போடறேன், யாருக்கு வேணுமோ சொல்லுங்க, காசு வேணாம், அங் மோ கியோ எம்ஆர்டிக்கு வந்து வாங்கிக்கலாம். மாமா, அந்த பெல்ட்டுக்கு டெக்கோட பின்பக்க நம்பர் தேவப்படுமா? படம் எடுத்து அனுப்பறேன்.

---

டேப்_மாமா:

நம்பரும் வேணும், மூடிய கழட்டி பழைய பெல்ட்டோட படமும் வேணும். பிஞ்சு போயிருந்தாலும் தூக்கிப் போடாம வைங்க, அளவு அதுலருந்துதான் எடுக்கணும். தாத்தா பேசினதுன்னு சொல்ற கேசட்ட பெல்ட் மாத்தின உடனே போட்டுடாதீங்க, முதல்ல வேண்டாத கேசட் ஒண்ணு ரெண்டு ஓட்டிப் பாத்துட்டு, டேப்ப மெல்லாம இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் போடுங்க.